தோண்டுவதற்கு முன்னால்

அரசுத் துறையில் உதவிப் பொறியாளராக இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியராக முதல் சம்பளம் வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று உங்களைப் பிரித்துப் பேசுவார்கள். சைட்டில் இரண்டு பேரும் ஒரே குழியின் ஓரத்தில்தான் நிற்கப் போகிறீர்கள்.

நான் குடியிருப்பது சென்னை மண்ணூர்பேட்டையில். ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினியர். தெருவைத் தாண்டினால் சி.டி.எச். ரோடு என்கிற சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலை. பக்கத்திலேயே 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. பாடியிலிருந்து திருநின்றவூர் வரை இந்தச் சாலையை அகலப்படுத்தும் திட்டம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நில எடுப்பிலேயே இழுபட்டதை இந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் கன்டெய்னர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறார்கள். ஒரு திட்டம் தாமதமானால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

ஏன் தாமதம் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் கான்ட்ராக்டர் சரியில்லை என்பார்கள். கான்ட்ராக்டர் பில் வரவில்லை என்பார். அதிகாரி நிலம் கைக்கு வரவில்லை என்பார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது: பெரும்பாலான தாமதம் முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே உண்டாகிவிடுகிறது. 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களை மத்திய புள்ளியியல் அமைச்சகம் தொடர்ந்து கண்காணித்து அறிக்கை வெளியிடுகிறது. அதில் காரணங்களாகத் திரும்பத் திரும்ப வருபவை நிலம், வனத்துறை மற்றும் சுற்றுச்சூழல் அனுமதி, பூமிக்கடியில் உள்ள குழாய் கேபிள்களை மாற்றுவது. எல்லாமே தோண்டுவதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலைகள். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி அந்தக் கட்டத்தைப் பற்றியது.

1. நிலம் முழுசாகக் கைக்கு வந்ததா என்று நடந்து பாருங்கள்.

கோப்பில் ‘எண்பது சதவீதம் நிலம் ஒப்படைக்கப்பட்டது’ என்று இருக்கும். மீதி இருபது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை, நடுவில் இருந்தால் எண்பதும் வீண். நம் ஊர் பறக்கும் ரயிலைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து கிளம்பிய பாதை 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு வேலை 2008 வாக்கில் தொடங்கியது. பெரும்பகுதித் தூண்கள் எழுந்துவிட்டன. ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலம் வழக்கில் சிக்கியது. அந்த அரை கிலோமீட்டருக்காகக் கட்டி முடித்த தூண்கள் ரயிலைப் பார்க்காமல் வருஷக்கணக்கில் வெயிலில் நின்றன.

வீட்டைக் கொடுக்க மறுத்தவர்கள் மேல் கோபப்படாதீர்கள். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. நாற்பது வருஷம் உழைத்துக் கட்டிய வீட்டை விட்டுப் போகச் சொல்கிறோம், நியாயமான தொகையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். சர்வேயரை அழைத்துக்கொண்டு எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தோடு பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து போங்கள். கதவு எண் வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள்: பட்டா யார் பேரில், குடியிருப்பவர் யார், நோட்டீஸ் எப்போது போனது, பணம் வந்ததா, வழக்கு இருக்கிறதா. மேலதிகாரி கேட்கும்போது சதவீதம் சொல்லாதீர்கள். பட்டியலை எடுத்து வையுங்கள்.

2. ஒப்புதல் கொடுத்த படத்துக்கு வெளியே ஒரு அடி கூடப் போகாதீர்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய பாடம் இருக்கிறது. மதுரவாயலிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு உயர்மட்டச் சாலை. 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தை ஒட்டி வேலை நடந்தது, தூண்கள் எழும்பின. 2012 மார்ச்சில் மாநில அரசு வேலையை நிறுத்தியது. ஒப்புதல் பெற்ற அமைப்புக்கு மாறாக ஆற்றின் நீரோட்டத்துக்குள் தூண் போட்டிருக்கிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். அதன் பின்னால் அரசியல் இருந்தது என்று பேசியவர்களும் உண்டு. விவகாரம் உயர் நீதிமன்றம் போனது, அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போனது. தூண்கள் கூவத்தில் அனாதையாக நின்றன. கடைசியில் பழைய ஒப்பந்தம் கைவிடப்பட்டு, இரண்டடுக்குச் சாலையாகப் புதிதாக வடிவமைத்து, 2022 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி மறுபடியும் அடிக்கல் நாட்டினார். முதலில் சுமார் 1,800 கோடி என்று பேசப்பட்ட வேலை இரண்டாம் முறை சுமார் 5,800 கோடி. நடுவில் போன பதின்மூன்று வருஷமும் கன்டெய்னர் லாரிகள் மதுரவாயலிலும் துறைமுக வாசலிலும் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. உங்கள் மட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சைட்டில் ஒரு பாறை குறுக்கிடும், ஒரு கோயில் சுவர் குறுக்கிடும், தூணைக் கொஞ்சம் நகர்த்தினால் வேலை ஓடும் என்று தோன்றும். நகர்த்தலாம், தப்பில்லை. ஆனால் அந்த இடம் ஆறு என்றால் நீர்வளத் துறை, ரயில் பாதை என்றால் ரயில்வே, காடு என்றால் வனத்துறை என்று முதலில் ஒப்புதல் கொடுத்த ஒவ்வொருவரிடமும் மாற்றிய படத்தைக் கொண்டுபோய் மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டும். ‘அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார்’ என்று யாராவது சொன்னால் அன்று மாலையே கடிதம் எழுதிவிடுங்கள்.

3. டிரையல் பிட் போடாமல் ஜே.சி.பி.யை இறக்காதீர்கள்.

இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்கிறேன். தொழிற்பேட்டையை ஒட்டிய சாலைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு துறையும் தோண்டிப் புதைத்துக்கொண்டே வந்திருக்கிறது. எது எங்கே என்று முழுசாகச் சொல்லும் படம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. படம் கேளுங்கள், கிடைத்ததை வாங்குங்கள், ஆனால் அதை நம்பி இயந்திரத்தை இறக்காதீர்கள்.

பாதையின் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்தில் குழி போடுங்கள். கடப்பாரை, மண்வெட்டி மட்டும். மேலே தார், அதற்கு அடியில் பழைய தார், அதற்கும் அடியில் ஜல்லி. அதைத் தாண்டியதும் ஆளை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். களிமண்ணுக்கு நடுவில் திடீரென்று மணல் தெரிந்தால் நிறுத்துங்கள். செங்கல்லைக் குறுக்கே வரிசையாக அடுக்கியிருந்தால் அதற்குக் கீழே உயர் அழுத்த மின் கேபிள் போகிறது என்று அர்த்தம். பழைய ஆட்கள் அப்படித்தான் பதித்தார்கள். வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய் வந்தால் அதன் ஜாயின்ட் எங்கே என்று பாருங்கள். பழைய குழாய்களுக்கு ஈயம் காய்ச்சி ஊற்றிய ஜாயின்ட். பக்கத்து மண்ணை எடுத்ததும் குழாய் லேசாக அசையும், ஜாயின்ட் ஒழுகத் தொடங்கும், அன்று ராத்திரியே ஒரு தெருவுக்குத் தண்ணீர் நின்றுவிடும்.

ஒரு வடிகால் வேலையில் படத்தில் ஒரே ஒரு கேபிள் காட்டியிருந்தார்கள். குழியில் மூன்று கேபிளும், பயன்பாட்டில் இல்லாத ஒரு குழாயும், எந்தத் துறையின் படத்திலும் இல்லாத ஒரு பழைய செங்கல் வாய்க்காலும் வந்தன. மேஸ்திரி அந்த வாய்க்காலின் மேல் கல்லை நெம்பித் தூக்கினார். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பட்டறையின் கழிவு. அந்தக் குழியைப் பார்த்த பிறகுதான் வடிகாலை நடைபாதைப் பக்கம் தள்ளி வரைந்தோம். டெண்டருக்கு முன்பே தெரிந்ததால் மதிப்பீட்டிலேயே திருத்தம் போட முடிந்தது. தெரியாமல் தோண்டியிருந்தால் கேபிளை மாற்ற மதிப்பீடு, டெபாசிட், ஷட்டவுன் அனுமதி என்று அந்த ஒரு இடத்தில் மட்டும் மாதக்கணக்கில் நின்றிருக்கும்.

பார்த்ததைப் படம் வரைந்து வையுங்கள். அசையாத இரண்டு கட்டட மூலைகளிலிருந்து டேப் பிடித்து அளவு எழுதுங்கள். ‘ரோட்டு ஓரத்திலிருந்து இரண்டு மீட்டர்’ என்று எழுதினால் அடுத்த வருஷம் ரோட்டு ஓரமே இடம் மாறியிருக்கும்.

4. மண்ணைச் சோதிக்கும் இடத்தில் நீங்களே நில்லுங்கள்.

2014 ஜூன் 28-ஆம் தேதி மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது தனியார் கட்டடம். ஆனாலும் அஸ்திவாரம் எதன் மேல் உட்காருகிறது என்ற கேள்விக்குத் தனியார், அரசு என்ற வித்தியாசம் கிடையாது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்தவர்கள். போர் போடும் இடத்துக்குப் போகாமல் ஆய்வக அறிக்கையை மட்டும் வாங்கிக் கோப்பில் வைக்கிற பழக்கம் இருக்கிறது. போய் நின்று, எந்த ஆழத்தில் மண் மாறியது, தண்ணீர் எங்கே தட்டுப்பட்டது என்று உங்கள் கையால் எழுதுங்கள். போரூர், முகப்பேர், கொரட்டூர் பக்கமெல்லாம் ஏரியும் வயலுமாக இருந்த பூமி. நூறு அடி தள்ளிப் போனால் மண் வேறு.

5. தண்ணீர் வந்த இடத்தை அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்து மோட்டார்களும் லேத்துகளும் மூழ்கின. அதன் உயரம் எவ்வளவு என்று பட்டறைச் சுவர்களில் கறை இன்னும் சொல்லும். டீக்கடை அம்மாவிடம் கேட்டால் எந்தப் படிக்கட்டு வரை ஏறியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது என்று கையை நீட்டிக் காட்டுவார். அந்த இடத்தில் ஸ்டாஃப் வைத்து லெவல் எடுங்கள். அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. உங்கள் வடிகால் எங்கே போய் விழுகிறதோ அந்த ஏரியோ கால்வாயோ நிரம்பி நிற்கும்போது அதன் மட்டம் என்ன என்பது தெரியாமல் வடிகாலின் அடிமட்டத்தை முடிவு செய்யாதீர்கள். வெயில் காலத்தில் பார்த்தால் எல்லா வடிகாலும் ஓடுகிற மாதிரிதான் தெரியும்.

வடிகால் வேலை, தண்ணீர் வெளியே விழும் முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். இடம் காலியாக இருக்கிறது என்று நடுவில் நூறு மீட்டர், கோடியில் ஐம்பது மீட்டர் என்று துண்டு துண்டாகப் போட்டு, கடைசியில் இணைக்கும்போது ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நிற்கும். அளவு காட்டுவதற்காக, பில் போடுவதற்காகச் செய்கிற இந்தத் துண்டு வேலையை உங்களால் தடுக்க முடியும். தடுங்கள். பெஞ்ச் மார்க்கை எங்கிருந்து எடுத்து வந்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு வீட்டு வாசற்படியை பெஞ்ச் மார்க்காக வைத்துக்கொண்டு வேலை நடந்து, அந்த வீட்டுக்காரர் படியை உயர்த்திக் கட்டிவிட்ட சம்பவமும் உண்டு.

6. மதிப்பீட்டில் பொய் சேர்க்காதீர்கள்.

ஒப்புதல் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று தொகையைக் குறைத்துக் காட்டச் சொல்வார்கள். குழாய் மாற்றும் செலவை விட்டுவிடுவார்கள், மழைநீரை இறைக்கும் செலவை விட்டுவிடுவார்கள், காலத்தைப் பன்னிரண்டு மாதம் என்று போடுவார்கள். இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியா உலகெங்கும் 16,000-க்கும் மேற்பட்ட திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தார். சொன்ன செலவிலும் சொன்ன காலத்திலும் முடிந்தவை 8.5 சதவீதம்தான். 2011-இல் திறப்பதாக இருந்த பெர்லின் விமான நிலையம் 2020-இல் திறந்தது. பணமும் தொழில்நுட்பமும் குவிந்த நாட்டிலேயே அப்படி. நம் நாட்டில் அதே தப்பு நடந்தால், வீணாகும் பணம் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போயிருக்க வேண்டிய பணம்.

குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பது டெண்டர் விதி. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் மதிப்பீட்டை விட மிகக் கீழே கேட்டு வேலையைப் பிடித்தவர் எந்த இடத்தில் மிச்சம் பிடிப்பார் என்று முதல் நாளே யோசித்து வையுங்கள். பெரும்பாலும் கம்பியிலும் சிமென்ட்டிலும் கூலியிலும்தான்.

7. காலண்டரைச் சுவரில் மாட்டி அதில் எழுதுங்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதற்குள் தோண்டிய குழியை மூட முடியாது என்றால் செப்டம்பரில் புதுக் குழி தோண்டாதீர்கள். மார்ச்சில் நிதியாண்டு முடிவு, அதே மார்ச்சில் ஹோலி. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கப் பையன்களை நம்பித்தான் இன்று சென்னை சைட்டுகள் ஓடுகின்றன. ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் நடக்கும் வேலை தொடரலாம், புதுப் பணி ஆணை கொடுக்க முடியாது. பகலில் நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை என்றால் கான்கிரீட் ராத்திரியில்தான் வரும். இவை எதுவும் திடீரென்று வருகிற விஷயங்கள் இல்லை.

8. கான்கிரீட் ஊற்றும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் முதலில் சீட்டை வாங்கிப் பாருங்கள்: எத்தனை மணிக்குக் கலந்தது, என்ன கிரேடு. கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது பொது விதி. சி.டி.எச். ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டால் அந்த நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கலவை இறுகிப்போனால் டிரைவர் டிரம்முக்குள் தண்ணீரை அடிப்பார். அவர் மேல் கோபம் வேண்டாம், இறக்கிவிட்டுப் போக வேண்டிய அவசரம் அவருக்கு. ஆனால் அந்த ஒரு வாளித் தண்ணீர் முப்பது வருஷம் நிற்க வேண்டிய சுவரின் பலத்தைக் கரைத்துவிடும். ஸ்லம்ப் எடுங்கள், சரியில்லை என்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள், லாரி நம்பரோடு எழுதி வையுங்கள். ஒருமுறை திருப்பி அனுப்பினால் போதும், அடுத்த நாளிலிருந்து பிளான்ட்டில் கவனமாக இருப்பார்கள்.

150 மி.மீ. கியூபை ஊற்றும் இடத்திலேயே, ஊற்றுகிற கலவையிலிருந்தே எடுங்கள். சோதனைக்கென்று சிமென்ட் கூட்டித் தனியாகக் கலந்து கியூப் போடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதில் பாஸ் ஆவது காகிதம் மட்டும்தான். எத்தனை கன மீட்டருக்கு எத்தனை மாதிரி என்று ஐ.எஸ். 456-இல் அட்டவணை இருக்கிறது, மனப்பாடம் செய்யுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா, இல்லை ஜல்லித் துண்டைச் செருகியிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். கலப்புச் சிமென்ட் என்றால் குறைந்தது பத்து நாள் நீராற்ற வேண்டும். சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளை நியமித்து, ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வந்தாரா என்று போய்ப் பாருங்கள். சென்னை வெயிலில் ஒரு நாள் விட்டாலும் மேல்பரப்பு வெடித்துவிடும்.

2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்ததை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. அரசு ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கூப்பிட்டு ஆய்வு செய்யச் சொன்னது. பூச்சு வேலை நடந்த ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு பொறியாளர் பொறுப்பில் இருந்திருப்பார். அங்கே குடிவந்தவர்கள் குடிசையை விட்டு வந்தவர்கள். அரசாங்கம் கொடுக்கும் வீடு என்றால் இப்படித்தான் என்று அவர்கள் நினைக்கும்படி நாம் வைத்துவிட்டோம். எனக்கு அதில்தான் மனசு ஆறவில்லை.

9. தடை வந்த நாளும் நீங்கிய நாளும்.

எம்.புக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்: அடித்தல் திருத்தல் இருந்தால் கோடு போட்டு இனிஷியல், மண்ணுக்குள் மறையும் வேலையை மூடுவதற்கு முன்னால் அளவு. அதோடு இன்னொரு நோட்டு இருக்கிறது. ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர். பல சைட்டுகளில் அது கடைசி மாதத்தில், காலநீட்டிப்பு கேட்கும்போது, ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் எழுதப்படுகிறது. அப்படி எழுதிய நோட்டு நடுவர் மன்றத்தில் ஐந்து நிமிஷம் நிற்காது.

அன்றன்றைக்கு எழுதுங்கள். எந்தத் தேதியில் எந்த இடத்தில் வேலை நின்றது, ஏன், எத்தனை ஆள் சும்மா உட்கார்ந்தார்கள், எப்போது மறுபடி தொடங்கியது. இரண்டு பக்கமும் கையெழுத்து. மின்வாரியம் ஷட்டவுன் கொடுக்கவில்லை என்றால் அதையும், ஒப்பந்தக்காரர் ஆளை வேறு சைட்டுக்குக் கொண்டுபோனால் அதையும், உங்கள் அலுவலகம் படத்தைத் தாமதமாகக் கொடுத்தால் அதையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை எழுதத்தான் தைரியம் வேண்டும். தாமதத்தின் காரணம் நாள்வாரியாகத் தெரிந்தால்தான் எதைச் சரிசெய்வது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்; அபராதம் போடுவதா, காலம் நீட்டுவதா என்பதும் நியாயமாக முடிவாகும். வாய்மொழியாக உத்தரவு வந்தால் சைட் ஆர்டர் புக்கில் ‘இன்ன தேதியில் இன்னார் சொன்னபடி’ என்று எழுதிக் கையெழுத்து கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். பாதி தப்பான உத்தரவுகள் அங்கேயே நின்றுவிடும்.

10. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

முடிந்த வேலைக்குப் பணம் நின்றால் முதலில் பட்டினி கிடப்பது பெரிய ஒப்பந்தக்காரர் இல்லை. சென்டரிங் அடிக்கும் சிறிய காண்ட்ராக்ட்காரரும் அவரிடம் இருக்கும் பத்து ஆளும்தான். அளவு எடுப்பது உங்கள் வேலை என்றால் அந்த வாரத்திலேயே எடுங்கள். சதவீதம் பற்றிய பேச்சு உங்கள் காதில் விழும். முதல் வருஷத்திலேயே விழும். வாங்கியவரால் லாரியைத் திருப்பி அனுப்ப முடியாது. அது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றபடி லஞ்ச ஒழிப்புத் துறை, தணிக்கை என்று நான் பயமுறுத்த விரும்பவில்லை.

11. குழிக்குள் இறங்கும் ஆள் உங்கள் பொறுப்பு.

2022 அக்டோபரில் அசோக் நகர் பக்கம் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து இளம் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் இறந்தார். 2024 ஜனவரியில் தில்லை கங்கா நகரில் பறக்கும் ரயில் பாதையின் கர்டர் சரிந்தது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குப் பக்கப் பலகை கட்டாமல் ஆளை இறக்காதீர்கள். தடுப்பும் சிவப்பு விளக்கும் ராத்திரி பத்து மணிக்கு எரிகின்றனவா என்று போய்ப் பாருங்கள். கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும் மேன்ஹோலுக்குள் யாரையும் இறக்கவே கூடாது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. ‘சும்மா அஞ்சு நிமிஷம் சார்’ என்று அவர்களே சொல்வார்கள். விடாதீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு ஒவ்வொரு பில்லிலும் ஒரு சதவீதம் பிடிக்கிறோம். உங்கள் சைட்டில் வேலை செய்கிறவர்கள் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் ஒதுக்கிப் பதிவு செய்ய வையுங்கள்.

12. திறப்பு விழாத் தேதிக்காகச் சோதனையைக் குறைக்காதீர்கள்.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஸ்ரீதரன் கடலில் விழுந்த கர்டர்களையே மீட்டு 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். வேகம் சாத்தியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முடிவெடுக்கும் அதிகாரம் சைட்டிலேயே இருந்தால் நம் ஆட்களால் முடியும். பின்னாளில் டெல்லி மெட்ரோவின் முதல் கட்டத்தையும் கெடுவுக்கு முன்பே முடித்துக்கொடுத்தவர் அவர். அதே பாம்பனில் புதிய தூக்குப் பாலத்துக்கு 2019-இல் அடிக்கல் நாட்டி 2021-இல் முடிப்பதாகச் சொன்னார்கள். 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்து குறைகளை எழுத்தில் வைத்தார். 2025 ஏப்ரலில் திறந்தார்கள். விழாவுக்கு நெருக்கடி இருக்கும் நேரத்தில் ஒருவர் குறையை எழுதி வைக்கிறார் என்றால் அவரைப் போல இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

13. முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது.

கட்டியபடியே வரைந்த படத்தை, குழியில் பார்த்த கேபிள்கள் குழாய்கள் உட்பட, வார்டு அலுவலகத்திலும் மின்வாரியத்திலும் குடிநீர் வாரியத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். குறை நீக்கும் காலம் முடிவதற்குள் வரும் முதல் பெருமழை அன்று குடையோடு போய் உங்கள் வடிகாலை முனையிலிருந்து முனை வரை நடந்து பாருங்கள். எந்த வீட்டு வாசலில் தண்ணீர் தேங்குகிறது, எந்த மூடி ஆடுகிறது என்று போட்டோவோடு குறித்து, மறுநாளே ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் அனுப்புங்கள். அவருடைய பிணைத்தொகை அரசிடம் இருக்கும் வரைதான் அந்தக் கடிதத்துக்கு வலு.